அணை திறக்கும் ஆற்றில் படகு விடுவது எப்படி: நேரக் கணக்கிலிருந்து கரையேறுவது வரை

மழை ஆற்றில் பழகியவர்கள் அணை ஆற்றுக்கு வந்ததும் செய்யும் முதல் தவறு, கரையில் நின்று தண்ணீரைப் பார்த்து முடிவெடுப்பது. அணை ஆற்றில் நீங்கள் பார்ப்பது, சில மணி நேரத்துக்கு முன் யாரோ மதகில் செய்த வேலையின் விளைவு. இப்போது அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கு வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் துடுப்பைவிடக் கடிகாரத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) அல்லது ராஃப்ட் (காற்றடைத்த பெரிய ரப்பர் படகு) ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஆற்று நீரின் கடினத்தைக் குறிக்கும் 1 முதல் 6 வரையிலான சர்வதேசக் கிரேடு அளவில் (6 மிகக் கடினம்) மூன்றாம் கிரேடு நீரில், கவிழ்ந்தாலும் பதறாமல் படகையும் துடுப்பையும் மீட்கத் தெரிந்திருக்க வேண்டும். அது வராதவர்கள் முதலில் பயிற்சி பெற்ற வழிகாட்டியின் ராஃப்டில் போவது நல்லது.

1. அணை எதற்காகத் திறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. நோக்கம் தெரிந்தால் நீர் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

மின் உற்பத்திக்கான அணை, மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் நீரை விடும். காலையிலும் மாலையிலும் ஏறும், நள்ளிரவில் இறங்கும், விடுமுறை நாள்களில் பெரும்பாலும் குறையும். கர்நாடகத்தின் காளி ஆற்றில் தாண்டேலிப் பக்கம் நடக்கும் ராஃப்டிங், மேலே சூபா அணை மின் உற்பத்திக்காக விடும் நீரை நம்பித்தான் இருக்கிறது. பாசன அணை வேறு மாதிரி. திறந்தால் வாரக்கணக்கில் ஒரே சீராக விடும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

படகோட்டிகளுக்கென்றே நாள் குறித்துத் திறக்கும் அணைகளும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சம்மர்ஸ்வில் அணை, ஏரியின் மட்டத்தை இறக்கும் இலையுதிர் காலத்தில் காலி (Gauley) என்ற ஆற்றில் அப்படி நீர் விடுகிறது. அளவு விநாடிக்கு சுமார் 2,800 கன அடி. அந்த ஆற்றின் கடினமான பகுதிகள் ஐந்தாம் கிரேடு.

நான்காவது வகைத் திறப்பு, அணை நிரம்பி உபரிநீர் வெளியேறுவது. அந்த நாளில் வீட்டில் இருங்கள். அணைக்கு வரும் நீரைப் பொறுத்து மதகுகளை எந்த நேரத்திலும் கூட்டுவார்கள், அட்டவணை எதுவும் செல்லாது.

அட்டவணை இருக்கும் நாளிலும் அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். விசையாழி ஒன்று திடீரென நின்றால் ஆறும் நின்றுவிடும். அல்லது வேறு வழியாக நீரை வெளியேற்றுவார்கள். புறப்படும் நாள் காலையில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். முந்தைய இரவு பார்த்த தகவலோடு கிளம்பி, உலர்ந்த பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குழுக்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் நானும் இருந்தேன்.

2. ஆற்றில் மனிதர் கட்டியவற்றைக் குறித்து வையுங்கள்

அணையிலிருந்து நீங்கள் கரையேறும் இடம் வரை ஒரு தாளில் கோடு போட்டு, தடுப்பணை, நீர் எடுக்கும் வாய், மின்நிலையம், அடுத்த அணையின் தேக்கம் எல்லாவற்றையும் கிலோமீட்டர் கணக்கில் குறியுங்கள். அருவிகளையும் பாறைச் சரிவுகளையும் பிறகு குறிக்கலாம்.

தடுப்பணைக்கு முதலிடம். மேலிருந்து பார்த்தால் ஒரு வழவழப்பான கோடு, அதற்கப்பால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் அதன் அடியில் நீர் உருண்டு, மேற்பரப்பில் சுவரை நோக்கியே திரும்பி வரும். கரையிலிருந்து கரைவரை ஒரே சீராக இப்படிச் சுழல்வதால், இயற்கைப் பாறைக்குப் பின்னால் இருப்பது போல ஓரத்தில் தப்பிக்கும் வழி இருக்காது. விழுந்தவரை அது திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். ஐந்தாம் கிரேடு ஓட்டுபவர்களும் தடுப்பணையைக் கண்டால் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைவழியாக நடக்கிறார்கள்.

அடுத்தது மின்நிலையம். பல இடங்களில் அணையில் எடுத்த நீரைக் குழாயிலோ கால்வாயிலோ கொண்டுபோய், சில கிலோமீட்டர் தள்ளி மின்நிலையத்துக்குப் பின் ஆற்றில் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் டென்னஸியின் ஓகோயி ஆற்றில் மரத்தாலான நீண்ட கால்வாய் நீரை எடுத்துக்கொண்டு போகும் நாள்களில் ஆற்றுப் படுகை பாறைக்காடாகக் கிடக்கும். படகோட்டிகளுக்காக விடும் நாள்களில் அதே படுகை நுரைத்து ஓடும். இத்தகைய ஆற்றில் 'அணை திறந்திருக்கிறது' என்ற தகவல் மட்டும் போதாது. எந்த வழியாகத் திறந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். மின்நிலையத்தின் வெளியேற்றம் ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே நீர் ஒரேயடியாகக் கூடும் என்பதையும் தாளில் எழுதிவையுங்கள்.

3. நீர் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். 'ஒன்பது மணிக்குத் திறப்பு' என்றால் ஒன்பது மணிக்கு அணையில் திறப்பு. உங்கள் இடத்துக்கு அந்த நீர் எப்போது வரும் என்பது தனிக் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. அணையிலிருந்து 6 கிலோமீட்டரில் படகை இறக்குகிறீர்கள், 18 கிலோமீட்டரில் கரையேறுகிறீர்கள். காலை 9 மணி முதல் மதியம் 1 மணி வரை திறப்பு. நீரின் முன்விளிம்பு மணிக்கு 6 கிலோமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்குமிடத்துக்கு அது 10 மணிக்கும், கரையேறும் இடத்துக்கு 12 மணிக்கும் வரும்.

நீர் வந்த கையோடு 10.30க்கு இறக்கி, எங்கும் நிற்காமல் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 12 கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்து, சரியாக 12 மணிக்கு முன்விளிம்பையே எட்டிப் பிடித்துவிடுவீர்கள். இன்னும் சற்று வேகமாகப் போனால் அதை முந்திவிடுவீர்கள். முந்தினால் முன்னால் இருப்பது நீரில்லாத பாறை. முன்விளிம்பு நல்ல நீரும் அல்ல. படுகையில் கிடந்த சுள்ளி, இலை, குப்பை எல்லாவற்றையும் அது தள்ளிக்கொண்டு வரும். பொறுமையில்லாதவர்கள் செய்யும் தவறு இது.

சோம்பேறிகளின் தவறு இதைவிடச் செலவு பிடிக்கும். 1 மணிக்கு மதகு மூடுகிறது. விட்ட நீரின் கடைசிப் பகுதியான பின்விளிம்பு, போகப்போக முன்விளிம்பைவிட மெதுவாக நகரும். இறக்குமிடத்துக்கு அது 2 மணிக்கு வந்து, அங்கிருந்து கீழே மணிக்கு 5 கிலோமீட்டர் நகர்கிறது என்போம். இறக்குமிடத்தில் 2 மணி வரை நீர் குறையாது என்று கணக்குப் போட்டு, சாப்பிட்டுவிட்டு 1.30க்கு இறக்குகிறீர்கள். இடையில் இறங்கிப் பார்த்து, ஒருவரைக் கரைசேர்த்து, சராசரியாக மணிக்கு 4 கிலோமீட்டர்தான் போக முடிகிறது. 4 மணிக்கு நீங்கள் 10 கிலோமீட்டர் கடந்திருப்பீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்த பின்விளிம்பும் அதே இடத்தில் உங்களைப் பிடித்துவிடும். மீதி 2 கிலோமீட்டர், குறைந்துகொண்டே போகும் நீரில் ராஃப்டைப் பாறைமேல் இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

அதே குழு 12 மணிக்குள் இறக்கியிருந்தால் 3 மணிக்குக் கரையேறியிருக்கும். பின்விளிம்பு அங்கே வருவது 4.24க்கு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கையிருப்பு. நான் பின்பற்றுவது இதுதான்: முன்விளிம்பு கடந்து அரை மணி நேரம் பொறுப்பது, இறக்குமிடத்தில் நீர் இருக்கும் நேரத்தின் முதல் பாதிக்குள் இறக்கிவிடுவது.

மணிக்கு 6 என்பது எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்கள் ஆற்றின் எண்ணை அதே ஆற்றில் அடிக்கடி ஓட்டுபவர்களிடம் கேளுங்கள். இரண்டு இடங்களில் நீர்மட்ட அளவு வெளியிடப்படுகிறது என்றால், மேலே ஏறத் தொடங்கிய நேரத்தையும் கீழே ஏறத் தொடங்கிய நேரத்தையும் பார்த்து நீங்களே வகுத்துக்கொள்ளலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: பல நாள் மூடிக்கிடந்த பிறகு முதல் திறப்பில் நீர் மெதுவாகவே வரும். வழியில் உள்ள மடுக்களை எல்லாம் நிரப்பிவிட்டுத்தானே அது நகர வேண்டும்.

அளவைக் குறிக்கும் அலகையும் கவனியுங்கள். சில இடங்களில் கன அடி, சில இடங்களில் கன மீட்டர். விநாடிக்கு ஒரு கன மீட்டர் என்பது 35 கன அடிக்குச் சற்று மேல். '50 தான் விடுகிறார்கள்' என்று கன அடியாக நினைத்துப் போனவர் முன்னால் 1,750 கன அடிக்கும் மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

4. நீர் இல்லாதபோது கரையிலிருந்து ஆற்றைப் பாருங்கள்

மழை ஆறு தராத வசதி இது. நாளை உங்கள் படகுக்கு அடியில் இருக்கப்போகும் பாறைகளை இன்றே பார்க்கலாம். அடியில் குடைந்த பாறைகள், இரண்டு கற்களுக்கு இடையே ஆள் சிக்கக்கூடிய இடுக்குகள், பழைய கட்டுமானத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகள் எல்லாம் வெளியே தெரியும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரங்களைத் தனியாகப் பாருங்கள். பெருவெள்ளம் வராமல் அணை தடுப்பதால், வெள்ளம் அடித்துப்போயிருக்க வேண்டிய புதர்களும் மரங்களும் படுகைக்குள்ளேயே வளர்ந்து நிற்கும். நீர் கிளைகளுக்கு ஊடே போய்விடும், ஆளும் படகும் சல்லடையில் மாட்டியது போல நின்றுவிடும். அணை ஆற்றில் பாறையைவிட நான் அஞ்சுவது இதைத்தான்.

ஆனால் படுகைக்குள் இறங்க வேண்டாம், கரையின் உயரத்திலேயே நடங்கள். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களை, மேலே லார்ஜி அணையிலிருந்து விட்ட நீர் அடித்துச் சென்றது. 24 மாணவர்களும் உடன் சென்ற சுற்றுலா ஏற்பாட்டாளரும் இறந்தார்கள். அவர்கள் படகில்கூட இல்லை. அபாயச் சங்கு ஒலித்தால் ஓடிவிடலாம் என்று எண்ணாதீர்கள். நீரிரைச்சலுக்கு நடுவே, ஒரு வளைவு தாண்டி நிற்பவருக்கு அது கேட்காமல் போகலாம்.

5. காற்றுக்கு அல்ல, நீருக்கு உடுத்துங்கள்

ஆழமான அணைகள் பல, அடியிலிருந்து நீரை எடுத்து விடுகின்றன. ஏரியின் மேல்பரப்புதான் வெயிலில் சூடாகும். அடிநீர் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். கொலராடோ ஆற்றில் 1963இல் கிளென் கேனியன் அணை நீரைத் தேக்கத் தொடங்குவதற்கு முன் கோடை நீர் 25 டிகிரியைத் தாண்டும். அதன்பின் பல ஆண்டுகள் அணைக்குக் கீழே 10 டிகிரியை ஒட்டியே ஓடியது, வெளியே வெயில் 40 டிகிரியில் கொளுத்தும்போதும். ஏரி மட்டம் வெகுவாக இறங்கினால் மேல்பரப்பின் வெதுவெதுப்பான நீர் மதகுக்கு நெருங்கி வருவதால் ஆறும் சற்றுச் சூடாகும்.

இவ்வளவு குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் மூச்சு தானாகவே இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நீரைத்தான் இழுப்பீர்கள். பத்து நிமிடத்தில் விரல்கள் கயிற்றைப் பிடிக்கும் வலுவை இழக்கும். ஆகவே உடலோடு ஒட்டிச் சூட்டைக் காக்கும் வெட்சூட், இன்னும் குளிர் என்றால் நீர்புகா டிரைசூட். பருத்தி உடை வேண்டவே வேண்டாம். நனைந்தால் அது உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மற்றவை சுருக்கமாக: தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினாலும் கழன்று வராத லைஃப் ஜாக்கெட், தலையில் ஆடாத ஹெல்மெட், விசில், ஒரு கையால் உருவக்கூடிய கத்தி, பையில் அடைத்த 20 மீட்டர் வீச்சுக் கயிறு, கணுக்காலைப் பிடிக்கும் காலணி. படகில் தொங்கும் கயிறு எதுவும் இருக்கக் கூடாது. கவிழ்ந்தால் அது காலைச் சுற்றும். நீர்புகாத கைக்கடிகாரம் எல்லோரிடமும் இருக்க வேண்டும். தலைவரிடம் மட்டும் இருந்தால் தலைவர் நீரில் விழுந்ததும் கணக்கும் போய்விடும்.

6. வண்டியை முதலில் கீழே கொண்டுபோய் விடுங்கள்

கரையேறும் இடத்தில் ஒரு வண்டி, அதில் உலர்ந்த உடை, அதன் சாவி ஓட்டத்தில் போகும் ஒருவரிடம். இதை நீர் வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், நீர் வந்த பிறகு செய்தால் முதல் பாதி கைவிட்டுப் போகும். சாவி மேலே நிறுத்திய வண்டிக்குள் மாட்டிக்கொள்ளும் கதை ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது.

கீழே விடும்போதே கரையேறும் இடத்தை ஆற்றிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று கவனித்து, எதிர்க்கரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் சாலைக்கு ஏறக்கூடிய வழிகளையும் தாளில் குறியுங்கள். பத்தாம் பிரிவில் அது தேவைப்படும்.

7. இறக்கும் முன் கரையில் செய்ய வேண்டியவை

நீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கல் மூழ்கினால் இன்னும் ஏறுகிறது, இறக்க வேண்டாம். அப்படியே இருந்தால் ஓட்டம் நிலைத்துவிட்டது. கல் நீரைவிட்டு விலகி நின்றால், அட்டவணையில் ஏதோ மாறியிருக்கிறது. படகை மீண்டும் வண்டியில் ஏற்றும் மனது அப்போது வர வேண்டும்.

பிறகு சைகைகள். நட்டுக்குத்தாகத் தூக்கிய துடுப்பு 'வரலாம்', கிடையாகப் பிடித்தால் 'நில்'. ஒரு விசில் 'என்னைப் பார்', மூன்று விசில் ஆபத்து. கையால் காட்டும்போது பாதுகாப்பான பக்கத்தையே காட்ட வேண்டும். அபாயத்தைச் சுட்டிக்காட்டினால், தூரத்திலிருந்து பார்ப்பவர் 'அங்கே போ' என்று புரிந்துகொள்வார்.

8. ஓட்டத்தில் இடைவெளியும் ஒதுங்குமிடமும்

பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் திரும்பி அமைதியாக இருக்கும் ஒதுக்கம்தான் உங்கள் நிறுத்தம். படகோட்டிகள் அதை எடி என்பார்கள். ஒருவர் ஓர் எடியைவிட்டுக் கிளம்பும்போது அடுத்த எடி கண்ணில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கரையேறிப் போய்ப் பாருங்கள். நீர்மட்டம் மாறினால் எடிகளும் மாறும் என்பதுதான் இங்கே சிக்கல். விநாடிக்கு 1,000 கன அடியில் பெரிதாக இருந்த எடி, 2,000 கன அடியில் பாறையே மூழ்கி, நீர் உருளும் பள்ளமாக ஆகியிருக்கும். சென்ற முறை நின்ற இடம் இந்த முறையும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்கள் நீரோட்டத்தின் திசையில், பாதங்கள் மேற்பரப்புக்கு அருகில். முழங்கால் அளவுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்கவே கூடாது. பாதம் இரண்டு கற்களுக்கு இடையே மாட்டிக்கொண்டால், நீர் முதுகில் அழுத்தி முகத்தை உள்ளே தள்ளிவிடும். இதைக் கரையில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். விழுந்ததும் முதலில் செய்வது எழுந்து நிற்க முயல்வதுதான். அதனால் ஆழமான அமைதியான மடுவில் ஒவ்வொருவரையும் ஒருமுறை வேண்டுமென்றே குதிக்கவைத்து மிதக்கப் பழக்குகிறேன்.

முன்னால் மரக்கிளை என்றால் மட்டும் இந்த விதி தலைகீழ். குப்புறத் திரும்பி, தலையை முன்னிட்டு நீந்தி, கிளைமேல் வயிற்றால் ஏறுங்கள். கால் முதலில் போனால் அடியில் இழுத்துக்கொள்ளும்.

9. நீர் எதிர்பாராமல் ஏறினால்

தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலையும் நுரையும் கூட்டமாக மிதந்து வருவது, சற்றுமுன் உலர்ந்திருந்த பாறை நனைவது, மேலிருந்து வரும் இரைச்சல் கனப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கரையேறுங்கள். ஆற்றின் நடுத்திட்டில் ஏறி நிற்பது கூடாது. எவ்வளவு ஏறும் என்று தெரியாது, நடுத்திட்டிலிருந்து தப்ப வழியும் இல்லை. சாலை உள்ள கரைக்கே போங்கள். நீர் முழுவதும் ஏறி நின்றபின் எதிர்க்கரையிலிருந்து கடந்து வர முடியாது.

10. நீர் இறங்கத் தொடங்கினால்

பாறைகளில் ஈரக்கோடு நீர்மட்டத்துக்கு மேல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். தெரிந்தால் பின்விளிம்பு உங்களைப் பிடித்துவிட்டது. இனி இறங்கிப் பார்ப்பது, படம் எடுப்பது, சாப்பிடுவது எல்லாம் நிறுத்தம்.

மீதித் தூரம் அதிகம் என்றால் விரட்டிப் பிடிக்க முயல வேண்டாம். தாளில் குறித்த அடுத்த சாலை வழியில் ஏறிவிடுங்கள். அவசரத்தில் ஓட்டுபவர்தான் கவிழ்கிறார். குறைந்த நீரில் கவிழ்ந்தால் தலை பாறையில் மோதும்.

கரையேறும் இடம் அடுத்த அணையின் தேக்கத்தில் இருந்தால், கடைசிப் பகுதியில் ஓட்டமே இருக்காது. எதிர்க்காற்றில் ராஃப்டை இரண்டு கிலோமீட்டர் வலிக்க ஒரு மணி நேரம் ஆகலாம். மூன்றாம் பிரிவின் கணக்கில் இதைச் சேர்க்காதவர்கள் இருட்டில் வந்து சேர்வார்கள்.

11. ஆற்றங்கரையில் இரவு தங்கினால்

கிராண்ட் கேனியன் போன்ற நீண்ட ஓட்டங்களில், மின்தேவைக்கேற்ப அணையில் ஏறி இறங்கும் நீர், கடல் ஓதம் போலத் தினமும் கடந்து போகும். அணையில் பகலில் ஏறிய நீர் உங்கள் முகாமுக்கு நள்ளிரவில் வரலாம். விடுமுறை நாளின் குறைந்த நீர், கீழே இருப்பவர்களுக்கு வேலைநாளில்தான் போய்ச் சேரும்.

கூடாரத்தை அன்றைய ஈரக்கோட்டுக்கு மேல் போடுங்கள். படகை மணலில் இழுத்து வைத்தால் மட்டும் போதாது, கயிற்றால் மரத்திலோ அசையாத பாறையிலோ இரண்டு இடங்களில் கட்டுங்கள். கயிறு விறைப்பாக இருந்தால் நீர் இறங்கும்போது படகு சாய்ந்து தொங்கும். ஏறும்போது இழுபட்டு முடிச்சு இறுகும். ஓரளவு தளர்த்தி விடுங்கள், படகுக்கு அடியில் கூர்மையான பாறை இல்லாத இடமாகப் பாருங்கள். படுக்கப் போகும் முன் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். நடுவில் ஒருமுறை யாராவது எழுந்து டார்ச் அடித்துக் குச்சியைப் பார்க்க வேண்டும். அந்த முறைக்கு இருட்டும் முன்பே ஆள் பெயரைச் சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் எல்லோரும் மற்றவர் பார்ப்பார் என்று தூங்கிவிடுவார்கள்.